பூஜையில் இடம் கிடைக்காத ரிஞ்சு

ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போகிற குடும்பங்களுக்குத் தீபாவளியைவிட ஆயுத பூஜைதான் பெரிசு. தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுப்பார்கள், அதோடு சரி. ஆயுத பூஜைக்கோ மில்லையே திறந்துவிடுவார்கள். வருஷம் முழுக்க எங்களை வாசலோடு திருப்பி அனுப்புகிற கேட், அன்றைக்கு மட்டும் பொம்பளைகளுக்கும் பிள்ளைகளுக்கும் அகலத் திறந்திருக்கும். பாவாடையும் கனகாம்பரமுமாக உள்ளே போய், வீட்டு ஆம்பளைகள் நிற்கிற இடம் எது, டீ குடிக்கிற இடம் எது என்று பார்த்துவிட்டு, பொரிப் பொட்டலத்தோடு திரும்பி வருவோம். இயந்திரங்கள் வாழைக்கன்று கட்டி, சந்தனம் பூசி, சத்தமில்லாமல் நிற்கும். அவை ஓடி நாங்கள் பார்த்ததில்லை. குளித்து முழுகி நிற்கிற சாமிகளாகத்தான் அவற்றை எங்களுக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட சாமிகளில் ஒன்றுதான் எங்கள் சித்தப்பாவின் இடது கையிலிருந்து மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது.

எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி மூவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். பெரியப்பா மில்லில் ஃபிட்டர் மேஸ்திரி. நடுவில் என் அப்பா, பலசரக்குக் கடையில் வேலை. கடைசியில் சித்தப்பா, அப்போது கல்யாணம் ஆகவில்லை. பெரியப்பாவுக்குக் கீழே குழாய் வேலை, வால்வு வேலை பார்த்துவந்தார். பஞ்சு சிலுப்புகிற இயந்திரத்துக்குப் பின்னால் ஏதோ குழாய் ஒழுக, அதை இறுக்கப் போன இடத்தில் பெல்ட் கையை இழுத்துவிட்டதாம். ஓடிப்போய் இயந்திரத்தை நிறுத்தியது பெரியப்பா. தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் பெரியப்பா. இதெல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெரியப்பா அதைப் பற்றி வாய் திறந்து நான் கேட்டதில்லை.

பெருவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. மில்லில் ஆளை விட்டுவிடவில்லை. காக்கி உடுப்பும் லத்தியும் டார்ச்சும் கொடுத்து கேட்டில் உட்கார வைத்தார்கள். அந்த வேலையைக் கேட்டு வாங்கித் தந்ததும் பெரியப்பாதான். ஊரில் எல்லோரும் நல்ல காரியம் என்றார்கள். கடவுள் ஒரு வாசலை அடைத்தால் இன்னொரு வாசலில் உட்கார வைப்பார் என்று அம்மாகூடச் சொன்னாள். ஆனால் சித்தப்பாவுக்கு உட்காரத் தெரியாது. வீட்டில் குழாய் சொட்டினால்கூடச் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்துபோகிற ஆள். கேட்டுக்கு உள்ளே வேலை நடக்க, வெளியே லாரி வருதா என்று பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தண்டனையாகத்தான் இருந்தது.

ஒருநாள் மேனேஜரிடமே போய் உள்ளே வேலைக்கு வருகிறேன் என்று கேட்டிருக்கிறார். மேனேஜர் நல்ல மனுஷர். "உங்க அண்ணன் எடுத்துக்கிட்டா எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்லிவிட்டார். சித்தப்பா அன்றைக்குச் சாயங்காலம் பெரியப்பாவிடம் கேட்டார். பெரியப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, திரும்பாமல் பதில் சொன்னார்.

"பைப் ரிஞ்சை ஒரு கையால தாங்கணும். இன்னொரு கையால அது வாயைக் குழாய்க்குத் தக்கனச் சின்னதாக்கணும், பெருசாக்கணும். ஒனக்கு ஏதுல இன்னொரு கை?"

அம்மா அடுக்களையில் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பெரியப்பாவைக் கடித்துவிடலாம் போல இருந்தது.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் சித்தப்பா ரிஞ்சு செய்ய ஆரம்பித்தார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பைப் ரிஞ்சு என்பது குழாயைக் கவ்வித் திருப்புகிற கனத்த இரும்புச் சாமான். கீழ்த்தாடை பிடியோடு சேர்ந்தது. மேல்தாடை ஏறி இறங்கும். நடுவில் ஒரு வளையம் இருக்கும், அதைச் சுற்றிச் சுற்றித்தான் வாயைத் திறக்கவும் மூடவும் வேண்டும். நல்ல கையால் ரிஞ்சைத் தூக்கினால், மற்ற கையால் வளையத்தைச் சுற்றச் சித்தப்பாவுக்கு விரல் இல்லை. ஆகவே வளையமே வேண்டாம் என்று முடிவு செய்தார். பழைய ரிஞ்சு ஒன்றை வாங்கி, மேல்தாடையின் தண்டில் ரம்பம் போலப் பல் வெட்டினார். பல்லில் விழுந்து நிற்க ஒரு கொக்கி. கொக்கியை அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். குழாயின் மேல் வைத்து அழுத்தினால் தாடை தானாக இறங்கிக் கவ்வ வேண்டும், பெருவிரலால் கொக்கியைத் தட்டினால் விட்டுவிட வேண்டும். எல்லாம் ஒரே கையால்.

சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது. சரியான ஸ்பிரிங்குக்காக அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. அப்பாவின் சைக்கிள் கேரியரில் இருந்த ஸ்பிரிங் ஒருநாள் காணாமல் போனது. அது தெரியாமல் அப்பா கேரியரில் வைத்த சாப்பாட்டுத் தூக்கு, பஞ்சு மார்க்கெட் பக்கம் நடுரோட்டில் உருண்டது. சாம்பார் போனதற்கு அப்பா வருத்தப்படவில்லை. ஊருக்கே பேர் வாங்கிக் கொடுத்த ராஜபாளையத்து நாய் ஒன்று அதை மோந்து பார்த்துவிட்டு, தொடாமல் போய்விட்டதாம். அதைத்தான் வந்து அம்மாவிடம் சொன்னார். அம்மா அதற்குப் பிறகு சித்தப்பாவோடு சேர்த்து அப்பாவோடும் ரெண்டு நாள் பேசவில்லை.

வீட்டில் உருண்டையாக எது இருந்தாலும் சித்தப்பா அதைக் கவ்விப் பார்த்தார். ஜன்னல் கம்பி, கட்டில் கால், உலக்கை. எல்லாவற்றிலும் வரிசையாகப் பல் பதிந்திருந்தது.

"தம்பி, வீட்டுக்கு வாரவுக எல்லாம் பெருச்சாளி இருக்கான்னு கேக்காவ" என்று அம்மா அலுத்துக்கொண்டாள்.

"பெருச்சாளி கம்பியக் கடிக்குமா மதினி?"

"இந்த வீட்டுப் பெருச்சாளி கடிக்குதே!"

கவ்வியது. ஆனால் நிற்கவில்லை. கொஞ்சம் பலமாகத் திருப்பினால் கொக்கி நழுவும், சித்தப்பா மல்லாக்க விழுவார். பெரியப்பா வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே இதைப் பார்ப்பார். அப்படியே வேலைக்குப் போய்விடுவார். பல் மிருதுவான இரும்பில் வெட்டியதால்தான் மழுங்குகிறது, அதைக் காய்ச்சிப் பதம் ஏற்ற வேண்டும் என்று யாரோ சொல்ல, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆசாரியைத் தேடிப் போனோம். போனோம் என்றால் நானும்தான். எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. பஸ்ஸில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். வன்னியம்பட்டி வருவதற்குள் தொடை மரத்துப் போய்விட்டது.

ஆசாரி அதைப் பையிலிருந்து எடுத்து, வாயைத் திறந்து மூடிப் பார்த்தார்.

"இது ரிஞ்சாய்யா? பிளவக்கல் டேம்ல கெடக்க வேண்டிய முதலையில்ல இது!"

அன்றிலிருந்து அதற்கு முதலை என்றே பேர் ஆயிற்று. அந்தப் பல்லும் கொக்கியும் சிவக்கக் காய்ந்து எண்ணெயில் இறங்கியபோது எழுந்த புகையும் சத்தமும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆறின பிறகு கடைவாசலில் இருந்த அடிகுழாயின் கழுத்தில் சித்தப்பா முதலையை வைத்து அழுத்தினார். கவ்வியது. உடம்பை முழுக்கச் சாய்த்துத் திருப்பினார். நழுவவில்லை. ஆசாரிதான் பதறிப்போய், "போதும்யா, கொழாயக் களட்டிராத, தெருவே தண்ணி பிடிக்க இத நம்பித்தான் இருக்கு" என்று கையைப் பிடித்தார்.

அங்கிருந்து ஆண்டாள் கோயிலுக்குப் போனோம். எனக்கு இப்போது அந்த ஊரிலேதான் வீடு. நினைத்தபோது ஆண்டாள் தாயாரைப் போய்ப் பார்க்கிற பாக்கியத்தைக் கல்யாணத்தின் வழியாக எனக்குக் கொடுத்திருக்கிறாள். அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. வாசலில் காவலுக்கு நின்றவர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உண்டியல ஒடைக்கப் போறியளோ?" என்று கேட்டார். சித்தப்பா கையைக் காட்டி விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறி, "போங்க, போயி நல்லா வேண்டிக்கிடுங்க" என்று விட்டுவிட்டார்.

எனக்கு வேறொரு பயம். யானையின் காலைப் பிடித்த முதலையைப் பெருமாள் சக்கரத்தை விட்டுக் கொன்றார் என்று கதை கேட்டிருந்தேன். அவர் சன்னதிக்கே முதலையைக் கொண்டுபோனால் சும்மா விடுவாரா? சித்தப்பா அதைத் தேங்காய்ப் பழத்தோடு நீட்டியபோது, பயத்தில் பட்டரிடம் கேட்டேவிட்டேன். பட்டர் சிரித்தார். "அந்த முதலைக்கும் மோட்சம் குடுத்துத்தான் அனுப்பினார், பயப்படாதே" என்று சொல்லி, முதலையின் தலையில் ஒரு துளசி இலையை வைத்துக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் சித்தப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குள்ளே பேசிக்கொண்டு வந்தார். பிறகு என்னிடம் சொன்னார். ஆயுத பூஜைக்கு மில் பட்டறையில் ஃபிட்டர்களின் சாமான்களை எல்லாம் ஒரு மேசையில் அடுக்கிப் பொட்டு வைப்பார்கள். அதில் இந்த ரிஞ்சை வைக்க அண்ணன் சம்மதித்துவிட்டால் போதும். மேசையில் எவன் சாமான் இருக்கிறதோ அவன் ஃபிட்டர். அதற்குமேல் யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

பூஜையன்று நாங்கள் போனபோது பட்டறை மேசையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. சுத்தியல், ஸ்பேனர், ரிஞ்சு எல்லாம் எண்ணெய் துடைத்து, அளவு வாரியாக அடுக்கியிருந்தது. பெரியப்பா குளித்து, விபூதி பூசி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டிருந்தார். அந்த விஷயத்தில் அவர் மகா கண்டிப்பு. பூஜை போட்ட சாமானை மறுநாள் காலையில் மறுபூஜை முடிகிறவரை யாரும் தொடக் கூடாது. ஒருவருஷம் அவசரத்துக்குத் திருப்புளியை எடுத்த ஒருத்தரோடு நாலு மாசம் பேசாமல் இருந்தார் என்பார்கள்.

சித்தப்பா காக்கி உடுப்போடு வந்து, துணியில் சுற்றிய முதலையைப் பிரித்துக் காட்டினார்.

"அண்ணே, இதையும் வச்சிருங்க."

பெரியப்பா அதைப் பார்த்தார். செத்த நேரம் பார்த்தார். கையில் வாங்கவில்லை.

"வாட்ச்மேனுக்கு லத்தியும் டார்ச்சும்தான் ஆயுதம். கேட்டுல வச்சு அதுகளுக்குப் பொட்டு வையி."

சுற்றி நின்றவர்களில் ரெண்டு பேர் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. முதலையைத் துணியில் சுற்றிக்கொண்டு கேட்டுக்கு நடந்துபோனார். பெரியப்பா சந்தனக் கிண்ணத்தில் விரலை விட்டபடி அப்படியே நின்றார். பிறகு அடுத்த ஸ்பேனருக்குப் பொட்டு வைத்தார். தாயார் இந்த மனுஷனைக் கேட்கமாட்டாளா என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கற்பூரம் காட்டி, எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பொரியும் கடலையும் வாங்க வரிசையில் நின்றபோதுதான் அது நடந்தது. பட்டறையை ஒட்டிய சுவரில், மேல்தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர்க் குழாயின் இணைப்பு ஒன்று விட்டுப்போனது. முதலில் ஒரு சீற்றம். அப்புறம் தண்ணீர் விசிறி மாதிரி விரிந்து எல்லோர் மேலும் அடித்தது. பட்டுச்சேலைகள் அலறிக்கொண்டு ஓடின. ஒருவர் வால்வை அடைக்கப் போனார். அது துருப்பிடித்து, கைப்பிடி மட்டும் சும்மா சுற்றியது. தண்ணீர் தரையோடு ஓடி, லாரிக்காகக் கட்டி வைத்திருந்த நூல் மூட்டைகளின் பக்கம் திரும்பியது.

ஃபிட்டர்கள் நாலைந்து பேர் மேசைக்கு ஓடினார்கள். ஓடியவர்கள் மேசை முன்னால் நின்றுவிட்டார்கள். கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பிறகு எல்லோருமாகப் பெரியப்பாவைப் பார்த்தார்கள்.

"மாதா கோயில் தெரு அண்ணாச்சியக் கூப்பிடுங்கப்பா, அவியளுக்குப் பூஜை கெடையாதுல்ல" என்று ஒருவர் கத்தினார்.

"ஏலே, நான் இங்கனதான் நிக்கேன்" என்று அண்ணாச்சி பொரிப் பொட்டலத்தைத் தலைக்கு மேல் பிடித்தபடி பதில் சொன்னார். "என் ரிஞ்சுக்கும் காலையிலேயே பொட்டு வச்சாச்சு. அந்தா ஒங்க ரிஞ்சுக்குப் பக்கத்துல இருக்கு பாரு."

நான் கேட்டுக்கு ஓடினேன். சொல்லி முடிப்பதற்குள் சித்தப்பா எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். தொப்பி எங்கேயோ விழுந்தது. தண்ணீருக்குள் நுழைந்து, விரலில்லாத கையால் சுவரைத் தடவிப் பிடித்துக்கொண்டு, நல்ல கையால் முதலையை அந்த இணைப்பின் மேல் வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். கடக்கென்று கவ்வியது. அந்தச் சத்தம் தண்ணீர் இரைச்சலைத் தாண்டிக் கேட்டது. திருப்பினார். நழுவவில்லை.

ஆனால் குழாயும் சேர்ந்து திரும்பியது. ஒரு பக்கத்தைத் திருப்பினால் மறுபக்கத்தை அசையாமல் இன்னொரு ரிஞ்சு பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் இங்கே இறுகுவது அங்கே கழன்றுவிடும். எந்த ரிஞ்சாக இருந்தாலும் அதுதான் கதி என்று பிற்பாடு எனக்குச் சொன்னார்கள். சித்தப்பா திரும்பிப் பார்த்தார். யாரையும் கூப்பிடவில்லை. தண்ணீர் முகத்தில் அடிக்க, முதலையை விடாமல் பிடித்துக்கொண்டு பார்த்தார், அவ்வளவுதான்.

பெரியப்பா மேசைக்குப் போனார். கற்பூரத் தட்டைத் தள்ளி வைத்தார். வரிசையில் நடுவில் இருந்த தன் ரிஞ்சை எடுத்தார்.

கூட்டத்தில் யாரோ "மேஸ்திரி!" என்றார்கள். பெரியப்பா காதில் வாங்கவில்லை. தண்ணீருக்குள் போய்ச் சித்தப்பாவுக்கு எதிரே நின்று, குழாயில் ரிஞ்சைப் போட்டு, வளையத்தைச் சுற்றி இறுக்கினார். அதில் வைத்திருந்த குங்குமம் கரைந்து, சிவப்பாக அவர் கை முட்டியில் வழிந்து, குழாயில் வழிந்து, சித்தப்பாவின் இடது கை வரைக்கும் போனது. ரத்தம் மாதிரியே இருந்தது. பெரியப்பாவின் உடம்பு நடுங்கியது. தண்ணீர் அம்புட்டுக் குளிர்ச்சி என்று நினைத்தேன்.

"ம், திருப்பு."

"அண்ணே, நல்லாப் பிடிச்சிருக்கேளா?"

"நான் பிடிச்சிருக்கேன்ல. நீ திருப்பு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பூஜை போட்ட ஆயுதத்தைத் தொட்டுவிட்ட பெரியப்பாவுக்குச் சாமி குத்தம் வந்துவிடும் என்று பயம். சற்று முன் அவரைக் கேட்கச் சொல்லி வேண்டியது நான்தானே. அதை அவசர அவசரமாகத் திருப்பி, தாயே ஒன்றும் செய்துவிடாதே, அவர் தண்ணீரை நிறுத்தத்தான் எடுத்தார் என்று வேண்டிக்கொண்டே இருந்தேன். கண்ணைத் திறந்தபோது தண்ணீர் நின்றிருந்தது. நூல் மூட்டைகளுக்கு ஓர் ஆள் நீளம் முன்னாலேயே ஈரம் நின்றுவிட்டது. அண்ணாச்சிதான் முதலில் கையைத் தட்டினார், அதற்குள் பொரி அவர் தலையெல்லாம் கொட்டி ஊறிப்போயிருந்தது.

மேனேஜர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். முதலையை வாங்கித் திறந்து, மூடி, திறந்து பார்த்தார்.

பெரியப்பா அவரிடம், "கேட்டுக்கு வேற ஆளப் போட்டுருங்க சார்" என்றார். மேனேஜர் தலையாட்டினார். பக்கத்தில் நின்ற சித்தப்பா, காதில் விழுந்தது சரிதானா என்பது போல என் முகத்தைப் பார்த்தார்.

கூட்டம் மறுபடியும் பொரிக்குப் போயிற்று. பெரியப்பா சித்தப்பாவைச் சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பிழிந்தார். சித்தப்பாவின் இடது கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு துடைக்க ஆரம்பித்தார். குங்குமம் போயிற்று, ஈரம் போகவில்லை. பெருவிரலைத் துடைத்தார், சுண்டுவிரலைத் துடைத்தார். நடுவில் ஒன்றும் இல்லாத இடத்தையும் துடைத்தார், திரும்பத் திரும்பத் துடைத்தார். "போதும்ணே" என்று சித்தப்பா கையை இழுத்தும் விடவில்லை.

நான் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். துண்டு நனைந்துபோனதால்தான் ஈரம் போகமாட்டேன் என்கிறது என்று நினைத்து, அம்மாவிடம் ஓடிப்போய் ஒரு காய்ந்த துண்டு கேட்டேன்.